வெடிக்கக்கூடிய படிவைத் தேடி

1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்லியம் லிட்டில் என்ற இதய மருத்துவரும் அவருடைய குழுவினரும் சில பழைய ஆஞ்சியோகிராம் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். 29 நோயாளிகளின் படங்கள் அவை. அந்த 29 பேரும் முன்பே ஒருமுறை ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள். பிறகு மாரடைப்பு வந்ததால் மறுமுறையும் செய்துகொள்ள நேர்ந்தவர்கள். எந்தத் தமனி அடைபட்டது என்பதை இரண்டாவது படம் காட்டியது. அதே தமனி முதல் படத்தில் எப்படி இருந்தது என்பதே லிட்டிலின் கேள்வி.

அன்றைய மருத்துவ நம்பிக்கையின்படி விடை எளிதாக இருந்திருக்க வேண்டும். கொழுப்பு சிறிது சிறிதாகப் படிந்து குழாய் 70, 80, 90 சதவீதம் என்று குறுகிக்கொண்டே வரும், கடைசியில் முழுதாக மூடிக்கொள்ளும், அதுதான் மாரடைப்பு. ஆனால் 29 பேரில் 19 பேருக்கு, பின்னாளில் அடைபட்ட தமனியில் முதல் படத்தில் தெரிந்த குறுகல் 50 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 70 சதவீதத்துக்குக் குறையாத குறுகல் இருந்தது ஒரே ஒருவருக்குத்தான். அந்த 19 பேரின் முதல் படத்தைப் பார்த்த மருத்துவர் அந்த இடத்தை அபாயகரமானது என்று சுட்டிக்காட்டியிருக்க வாய்ப்பில்லை.

இதை ஓர் எச்சரிக்கையோடு புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கடுமையான குறுகலையும் ஒரு மிதமான குறுகலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், கடுமையானதே அதிக ஆபத்தானது. ஆனால் ஒருவருடைய தமனிகளில் மிதமான படிவுகள் எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றில் ஏதோ ஒன்று திடீரென வெடிக்கிறது. எது வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? கடந்த நாற்பது ஆண்டுகால இதயப் படப்பிடிப்பின் வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்ந்திருக்கிறது.

குழாயின் உள்வழி மட்டும்

ஆஞ்சியோகிராம் ஏன் ஏமாற்றியது என்று அறிய, அது பிறந்த நாளுக்குப் போக வேண்டும். 1958 அக்டோபர் 30 அன்று கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர், இதய வால்வு நோய் கொண்ட ஓர் இளைஞருக்குப் பெருந்தமனியைப் படமெடுக்கும் முயற்சியில் இருந்தார். கதீட்டரின் நுனி தற்செயலாக வலது இதயத் தமனிக்குள் நுழைந்துவிட்டது. யாரும் கவனிப்பதற்குள் சாயம் முழுதும் அதற்குள் பாய்ந்தது. இதயத் தமனிக்குள் நேரடியாகச் சாயம் செலுத்தினால் உயிர் போய்விடும் என்று எல்லா மருத்துவர்களும் நம்பிய காலம் அது. அந்த இளைஞரின் இதயம் நின்றது. இருமச் சொன்னார் சோன்ஸ். இளைஞர் இருமினார், துடிப்பு திரும்பியது. குறைந்த அளவு சாயத்தை இதயத் தமனிக்குள் செலுத்தினால் மனிதர் தாங்கிக்கொள்வார் என்று அந்த விபத்து கற்றுக்கொடுத்தது. பைபாஸ் அறுவை சிகிச்சையும் பலூன் சிகிச்சையும் ஸ்டென்ட்டும் அந்தப் படத்தின் துணையோடு வளர்ந்தவை.

ஆனால் ஆஞ்சியோகிராம் காட்டுவது சாயம் ஓடும் உள்வழியை மட்டுமே. நோய் இருப்பதோ சுவரில். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு பெரியது என்பதை 1987இல் சிகாகோவின் நோய்க்குறியியலாளர் சீமோர் கிளாகோவ் காட்டினார். இறந்தவர்களிடமிருந்து பெறப்பட்ட 136 இதயங்களில் இடது முதன்மைத் தமனியை அவர் குழு குறுக்காக வெட்டி அளந்தது. சுவரில் படிவு சேரச் சேர, தமனி வெளிப்புறமாக விரிந்துகொடுக்கிறது. இதனால், படிவு தமனியின் குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் உள்வழி குறுகுவதே இல்லை. அதுவரை ஆஞ்சியோகிராமில் அந்தத் தமனி நலமாகவே தெரியும். டிரெட்மில் சோதனையிலும் குறை தெரியாது, ஏனென்றால் ரத்தம் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும்.

65 மைக்ரோமீட்டர்

சுவருக்குள் நடப்பது வெறும் கொழுப்புச் சேர்க்கை அன்று. எல்.டி.எல். கொலஸ்டிரால் துகள்கள் தமனியின் உட்படலத்தைக் கடந்து சுவரில் சிக்குகின்றன. அவற்றை விழுங்க மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி அவை அங்கேயே மடிகின்றன. மடிந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்து கூழ் போன்ற ஒரு கரு உருவாகிறது. உடல் அதன்மீது நார்த்திசுவாலான ஒரு மூடியைக் கட்டி, ரத்த ஓட்டத்திலிருந்து பிரித்து வைக்கிறது. அந்த மூடி உறுதியாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. ஆனால் அங்கே அழற்சி ஓயாமல் நடக்கிறது. வெள்ளணுக்கள் சுரக்கும் நொதிகள் மூடியின் கொலாஜன் இழைகளை அரிக்கின்றன. ஒரு கணத்தில் மூடி கிழிகிறது. கருவுக்குள் இருந்த பொருள் ரத்தத்தைத் தொட்டதும், காயம் பட்ட இடத்தில் உறைவதைப் போலவே ரத்தம் அங்கும் உறைகிறது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியை அடைக்க அந்த ரத்தக்கட்டி போதும்.

இத்தகைய படிவுக்கு 1989இல் ஜேம்ஸ் முல்லர் வைத்த பெயர் ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகும் படிவு’. அதன் உடல் அடையாளத்தை அளந்து சொன்னவர்களில் ரேணு விர்மானி முக்கியமானவர். திடீர் இதய மரணம் அடைந்தவர்களின் தமனிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அவர் குழு, கிழிந்த மூடிகளில் ஏறத்தாழ 95 சதவீதம் 65 மைக்ரோமீட்டருக்கும் மெல்லியவை என்று 1997இல் அறிவித்தது. ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. அதன் ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் மாரடைப்பு.

எல்லா மாரடைப்பும் கிழிதலால் வருவதில்லை. மூடி கிழியாமலே, மேலுள்ள உட்படலம் மட்டும் உரிந்து கட்டி உண்டாவதும் உண்டு. இருந்தாலும் பெரும்பான்மை கிழிதலே. ஆகவே பொறியாளர்கள் முன் வைக்கப்பட்ட சவால் தெளிவானது: நிமிடத்துக்கு 70 முறை துடித்து அசையும் இதயத்தின் மேல், 3 மில்லிமீட்டர் குழாயின் சுவரில், 65 மைக்ரோமீட்டர் மூடியைப் பார்க்க வேண்டும். அதுவும் உயிருள்ள மனிதரிடம்.

உள்ளே இருந்து பார்க்கும் கருவிகள்

சுவரைப் பார்க்க முதலில் வந்தது ஒலி. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள கதீட்டரின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தித் தமனிக்குள் அனுப்பும் ‘ஐவஸ்’ முறை 1980களின் இறுதியில் நோயாளிகளிடம் பயன்படத் தொடங்கியது. நாம் கேட்கக்கூடிய ஒலியின் உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வு. ஐவஸ் பயன்படுத்துவது 2 கோடி முதல் 6 கோடி அதிர்வு. சுவரின் ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு, தமனியின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை இது வரைந்து காட்டுகிறது. சுவரின் முழு ஆழமும் தெரிகிறது. கிளாகோவ் இறந்தவர்களிடம் கண்ட வெளிப்புற விரிவை உயிருள்ளவர்களிடமே அளக்க முடிந்தது. ஆனால் ஐவஸால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு 100 முதல் 200 மைக்ரோமீட்டர். மெல்லிய மூடி அதன் பார்வைக்கு எட்டாது.

அந்தக் குறையை ஒளி தீர்த்தது. 1991இல் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ உள்ளிட்ட குழு ஓ.சி.டி. முறையை அறிமுகப்படுத்தியது. ஒலியின் எதிரொலி திரும்பும் நேரத்தை அளப்பது எளிது. ஒளியின் வேகத்துக்கு அப்படி அளக்க எந்தக் கடிகாரமும் போதாது. அதனால் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று திசுவுக்குள் போய்த் திரும்பும். மற்றது தூரம் தெரிந்த ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டும் மீண்டும் கலக்கும்போது உண்டாகும் குறுக்கீட்டிலிருந்து, எந்த ஆழத்திலிருந்து ஒளி திரும்பியது என்று கணக்கிடலாம். முதல் கட்டுரையிலேயே அவர்கள் படமெடுத்துக் காட்டியவை இரண்டு: விழித்திரையும் இதயத் தமனியும். இன்று கண் மருத்துவமனைகளில் விழித்திரைக்குச் செய்யும் ‘ஓசிடி ஸ்கேன்’ இந்தக் கண்டுபிடிப்பின் மறு கிளை.

ஓ.சி.டி.யின் துல்லியம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். மூடியின் தடிமனை அளந்து எண்ணாகச் சொல்ல முடிகிறது. ஆனால் துல்லியத்துக்கு விலை உண்டு. அகச்சிவப்பு ஒளி திசுவுக்குள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாது; படிவின் அடிப்புறம் தெரியாது. ரத்தமும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால், படமெடுக்கும் சில நொடிகளுக்குச் சாயத்தைப் பாய்ச்சித் தமனியிலிருந்து ரத்தத்தை விலக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது முறை உருவத்தை விட்டுவிட்டு வேதியியலைக் கேட்கிறது. ஒவ்வொரு பொருளும் அகச்சிவப்பு ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். கொலஸ்டிரால் உறிஞ்சும் விதம் கொலாஜன் உறிஞ்சும் விதத்திலிருந்து மாறுபடும். இந்த வேறுபாட்டைப் படித்து, தமனியில் எந்த இடத்தில் கொழுப்புக் கரு இருக்கிறது என்று அகச்சிவப்பு நிறமாலைக் கதீட்டர் வண்ண வரைபடமாகத் தருகிறது. ஆழத்தை இது சொல்லாது. அதனால் ஒரே கதீட்டரில் இதையும் ஐவஸையும் இணைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

595இல் 26

கருவிகள் வந்தாயிற்று. அவை ஆருடம் சொல்லுமா? இதைச் சோதித்த மிக முக்கியமான ஆய்வு 2011இல் கிரெக் ஸ்டோன் தலைமையில் வெளிவந்த ‘ப்ராஸ்பெக்ட்’. மாரடைப்பு போன்ற கடும் நிலையில் வந்த 697 பேருக்கு, காரணமான அடைப்பைச் சரிசெய்த பிறகு, மூன்று இதயத் தமனிகளையும் ஐவஸால் படமெடுத்தார்கள். பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள்.

முடிவில் நம்பிக்கையும் பாடமும் சேர்ந்தே கிடைத்தன. பின்னர் தொல்லை கொடுத்த புதிய இடங்களில் தொடக்கத்தில் இருந்த குறுகல் சராசரியாக 32 சதவீதம் மட்டுமே. லிட்டில் கண்டது சரிதான் என்று உறுதியானது. சுவரில் பெரும்பங்கைப் படிவு பிடித்திருத்தல், உள்வழி 4 சதுர மில்லிமீட்டருக்கு மிகாமல் இருத்தல், மெல்லிய மூடிக்கான மறைமுக அறிகுறி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்த படிவுகளில் சுமார் 18 சதவீதம் பிரச்சினையில் முடிந்தன. ஆனால் அந்த அறிகுறியைக் கொண்டு மெல்லிய மூடி என்று அடையாளம் காணப்பட்ட 595 படிவுகளில் 26 மட்டுமே அந்தக் காலத்தில் தொல்லை கொடுத்தன. மற்றவை அமைதியாக இருந்தன.

ஏன் இப்படி? படிவுகள் உறைந்த பொருள்கள் அல்ல. மூடி மெலியும், பிறகு தடிக்கும். பல கிழிசல்கள் எந்த வலியும் தராமல் தாமாகவே ஆறிவிடுகின்றன. ஆறிய தழும்பின்மேல் தழும்பாகப் பல அடுக்குகள் பிரேதப் பரிசோதனைகளில் காணப்படுகின்றன. கிழிந்த இடத்தில் எவ்வளவு பெரிய கட்டி உருவாகும் என்பது ரத்தத்தின் உறையும் தன்மையையும் பொறுத்தது. ஒரு படிவை மட்டும் குறிவைத்துக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாததற்கு இதுவே காரணம். கேள்வி மெல்ல மாறியது: எந்தப் படிவு ஆபத்தானது என்பதிலிருந்து, எந்த மனிதர் ஆபத்தில் இருக்கிறார் என்பதற்கு.

வெளியே இருந்து பார்த்தால்

மனிதரை மதிப்பிட வேண்டுமென்றால் கதீட்டர் உதவாது. நலமாக இருப்பவரின் தமனிக்குள் யாரும் குழாயைச் செலுத்தப்போவதில்லை. இங்கேதான் சி.டி. ஸ்கேன் முன்னுக்கு வந்தது.

1990இல் ஆர்தர் அகாட்ஸ்டன் குழுவினர் இதயத் தமனிகளில் உள்ள சுண்ணாம்பை எண்ணாக மாற்றும் முறையைத் தந்தார்கள். சாயம் வேண்டாம், ஊசி வேண்டாம், கதிர்வீச்சும் குறைவு. எண் பூஜ்யம் என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. நூற்றுக்கணக்கில் போனால் தமனிகளில் நோய் பரவியிருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு பழைய நோயின் சுவடு. புதிதாக உருவாகும் கொழுப்புக் கருவில் சுண்ணாம்பு இருக்க வேண்டியதில்லை. நம் பகுதி மக்களுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின்படி, இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59. நாற்பதுகளில் இருக்கும் ஒருவருக்குப் பூஜ்யம் என்று வரும் முடிவு நல்ல சேதிதான், ஆனால் முழு விடுதலைப் பத்திரம் ஆகாது.

சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் சுண்ணாம்பு இல்லாத படிவையும் காட்டும். அதன் துல்லியம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். புதிதாக வந்துள்ள ஃபோட்டான் எண்ணும் சி.டி. கருவிகளில் 0.2 மில்லிமீட்டர். அதுவும் மூடியைக் காணப் போதாது. அதனால் சி.டி. மூடியைத் தேடுவதில்லை; அதன் கூட்டாளிகளைத் தேடுகிறது. எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் அளக்கிறார்கள். தண்ணீருக்கு 0. படிவின் ஒரு பகுதி 30 அலகுக்கும் கீழே இருந்தால் அங்கே கொழுப்புக் கரு இருக்க வாய்ப்பு அதிகம். இன்னோர் அடையாளம், தமனி அந்த இடத்தில் வெளிப்புறமாகப் புடைத்திருப்பது. ஆஞ்சியோகிராமிடமிருந்து நோயை மறைத்த அதே விரிவு, சி.டி.யிடம் நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

2009இல் ஜப்பானின் மோட்டோயாமா குழு 1,059 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட கணக்கு வலுவானது. இந்த இரண்டு அடையாளங்களும் இருந்த 45 பேரில் 10 பேருக்குக் கடும் இதயப் பாதிப்பு வந்தது. படிவு இருந்தும் இரண்டு அடையாளங்களும் இல்லாதவர்கள், படிவே இல்லாதவர்கள் ஆகியோரிடம் அது அபூர்வமாக இருந்தது.

இதைவிட முக்கியமானது ஸ்காட்லாந்தின் ‘ஸ்காட்-ஹார்ட்’. நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான பரிசோதனைகளோடு சி.டி. ஆஞ்சியோகிராமும் செய்தார்கள். ஐந்து ஆண்டுகளில் இதய நோயால் இறந்தவர்கள் அல்லது மாரடைப்பு கண்டவர்கள் சி.டி. குழுவில் 2.3 சதவீதம், மற்றதில் 3.9 சதவீதம். சி.டி. ஸ்கேன் யாரையும் குணப்படுத்துவதில்லை. பிறகு இந்த வேறுபாடு எப்படி வந்தது? ஐந்தாண்டு முடிவில் இரு குழுவிலும் ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். சி.டி. குழுவில் கூடுதலாக இருந்தது ஸ்டாட்டின், ஆஸ்பிரின் போன்ற தடுப்பு மருந்துகள். நோயைக் கண்ணால் கண்ட மருத்துவர் மருந்தை எழுதினார் என்பதே இதற்கு மிகப் பொருத்தமான விளக்கம். பின்னர் இதே ஆய்வின் படங்களை அளந்து பார்த்ததில், தமனியில் கொழுப்புக் கருவின் பங்கு 4 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று தெரிந்தது.

அழற்சியைப் படமெடுத்தல்

உருவம் தெரிகிறது, படிவின் செயல்பாடு? எடின்பரோவில் இதற்கொரு விடை கண்டார்கள். எலும்பு ஸ்கேனுக்குப் பல்லாண்டுகளாகப் பயன்பட்ட கதிரியக்கச் சோடியம் ஃபுளோரைடை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணுக்கோ சி.டி.க்கோ தென்படாத நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிவில் உருவாகும்போது ஃபுளோரைடு அவற்றில் ஒட்டிக்கொள்ளும். பெட் ஸ்கேன் அந்த இடத்தை ஒளிரச் செய்யும். 2014இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்த 40 பேரில் 37 பேருக்கு மிக அதிகமாக ஒளிர்ந்தது மாரடைப்புக்குக் காரணமான அதே படிவு. புற்றுநோய்க்குப் பயன்படும் கதிரியக்கச் சர்க்கரை இங்கே சரிவராது. இதயத் தசையே சர்க்கரையை உறிஞ்சி முழுதும் ஒளிர்ந்துவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டில் சராலம்போஸ் அன்டோனியாடிஸ் குழு வேறு வழியில் போனது. தமனியைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசு, சுவரின் அழற்சியை உணர்ந்து மாறுகிறது. அழற்சி இருக்கும் இடத்தில் அதன் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் கூடுகிறது. சாதாரண சி.டி. ஆஞ்சியோகிராமிலேயே இதை அளந்து, மரண ஆபத்தை மதிப்பிடலாம் என்று 2018இல் காட்டினார்கள். கழுத்துத் தமனியில் எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அங்கே தமனி பெரியது, அசைவு குறைவு. படிவுக்குள் கசிந்த ரத்தத்தையே அது காட்டிவிடும். அத்தகைய கசிவு பக்கவாதத்தின் முன்னறிவிப்பு.

கண்ட பிறகு?

ஆபத்தான படிவைக் கண்டால் உடனே ஸ்டென்ட் வைத்து மூடிவிடலாமா? 2024இல் சியோலின் சூங்-ஜங் பார்க் தலைமையில் வந்த ‘ப்ரிவென்ட்’ ஆய்வு இதைச் சோதித்தது. ரத்த ஓட்டத்தைத் தடுக்காத, ஆனால் ஆபத்தான அடையாளங்கள் உள்ள படிவுகளைக் கொண்ட 1,606 பேர். இரண்டு ஆண்டுகளில் பாதிப்பு, ஸ்டென்ட் வைத்தவர்களிடம் 0.4 சதவீதம்; மருந்து மட்டும் பெற்றவர்களிடம் 3.4 சதவீதம். கவர்ச்சியான எண்கள். ஆனால் அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு பின்னாளில் செய்த ஸ்டென்ட்டுகளும் மருத்துவமனைச் சேர்க்கைகளும்தான். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே இருந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களிலும் 96 சதவீதத்துக்கு மேல் நலமாகவே இருந்தார்கள். எல்லோருக்கும் ஸ்டென்ட் என்பதற்கு இது சான்றாகாது.

மருந்து செய்வதையும் இதே கருவிகள் படம்பிடித்திருக்கின்றன. 2022இல் வெளியான ‘பேக்மேன்-ஏ.எம்.ஐ.’ ஆய்வில், மாரடைப்பு வந்த 300 பேருக்கு அதிக வீரிய ஸ்டாட்டின் கொடுத்து, பாதிப் பேருக்கு எல்.டி.எல்.லை மேலும் குறைக்கும் அலிரோகுமாப் ஊசியும் சேர்த்தார்கள். ஓராண்டு கழித்து ஓ.சி.டி.யில் அளந்தபோது, மூடியின் மிக மெல்லிய பகுதி ஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களுக்கு 33 மைக்ரோமீட்டர் கூடியிருந்தது. ஊசியும் சேர்ந்தவர்களுக்கு 63 மைக்ரோமீட்டர். விர்மானி வகுத்த 65 என்ற எல்லைக்கோட்டை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்த்தால் அவற்றின் பெறுமதி விளங்கும். தினமும் விழுங்கும் மாத்திரை ஒரே ஓர் இடத்தை மட்டும் காப்பதில்லை. மற்ற இடங்களில் உள்ள மூடிகளும் தடிக்க உதவுகிறது.

இதனால்தான் ‘எத்தனை சதவீதம் அடைப்பு?’ என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடக் கூடாது. 40 சதவீதம்தான் என்று அறிக்கை வந்தால், தப்பித்தோம் என்று மாத்திரையை நிறுத்திவிடும் பழக்கம் உயிர்களைப் பலிவாங்குகிறது. அறிக்கையைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டியவை வேறு: சுவரில் படிவு எவ்வளவு, அதில் கொழுப்புக் கரு தெரிகிறதா, என் எல்.டி.எல். எந்த அளவுக்கு இறங்க வேண்டும், புகையையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் எப்படி வழிக்குக் கொண்டுவருவது. எந்தப் படிவு எந்த நாளில் வெடிக்கும் என்று எந்தக் கருவியும் இன்னும் சொல்லவில்லை. ஆனால் யாருடைய தமனிகள் ஆபத்தில் இருக்கின்றன என்று அவை முன்கூட்டியே சொல்கின்றன. படத்தைப் பார்த்துச் சிகிச்சையைத் தீர்மானித்த குழுவில் மாரடைப்பு குறைந்தது என்பதுதான் ஸ்காட்லாந்து தந்த சான்று.